குடும்பம், வேலை, மறுபடி பல்கலைக்கழகம்: படிக்கும் நேரம் யாரிடமிருந்து வருகிறது?

மூன்றாம் பெஞ்ச் (இழையைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 41. இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு நான்கு. கணக்குப் பிரிவில் முழுநேர வேலை. உளவியல் இளங்கலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. சேர்கிறேனா இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். முழுநேரமாகப் படித்தால் மூன்று வருடம், பகுதிநேரமாகப் படித்தால் ஆறு. இருபது வயதில் வேறொரு பட்டப்படிப்பில் சேர்ந்து, முதல் வருடம் முடித்ததும் வீட்டுச் சூழ்நிலையால் நிறுத்தவேண்டி வந்தது. அதனால் இந்த முறை பாதியில் விட மனதில்லை.

கணவர் "நீ படி, வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். மனதாரத்தான் சொல்கிறார். ஆனாலும் கேள்விகள் இருக்கின்றன. இந்த வயதில் படிப்பது மண்டையில் நிற்குமா? பகுதிநேரப் பட்டத்தை மதிப்பார்களா? சின்னவன் நான் பக்கத்தில் படுத்தால்தான் தூங்குவான், அந்த நேரத்தில் வகுப்பு வந்தால் என்ன செய்வது? "உன்னால் முடியும்" என்று சொல்ல ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எப்படி முடிந்தது என்று சொல்லும் ஆட்களைத் தேடி இங்கே வந்திருக்கிறேன். படித்து முடித்தவர்கள், நடுவில் நிறுத்தியவர்கள், படிப்பவரோடு ஒரே வீட்டில் இருந்தவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள்.

நள்ளிரவு விளக்கு:

வாழ்த்துகள் தோழி. மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு பகுதிநேரமாகப் படித்துப் போன வருடம் பட்டம் வாங்கினேன். வேலையை விடவில்லை.

"வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அவர் சொன்னாரே, அதை முதலில் பிரித்துப் போட்டுப் பாருங்கள். சமையல், துணி, பாத்திரம், பிள்ளைகளைக் கொண்டுவிடுவது, கூட்டிவருவது எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலைகள். அவற்றை நினைத்துத்தான் சொல்லியிருப்பார், செய்யவும் செய்வார். கண்ணுக்குத் தெரியாதவை வேறு இருக்கின்றன. பள்ளிக் குழுவில் வந்த செய்தியைப் படித்து, நாளைக்கு அட்டையும் பசையும் வேண்டும் என்று ஞாபகம் வைப்பது. ஷூ சின்னதாகிவிட்டதைக் கவனிப்பது. தடுப்பூசி தேதி. பற்பசை தீர்வதற்கு முன்பே தீரப்போகிறது என்று தெரிந்திருப்பது. ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலைதான். ஆனால் நாள் முழுக்கத் தலைக்குள் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். படிக்க உட்காரும்போது நமக்கு வேண்டியது அந்த இடம்தான்.

நாங்கள் ஒரு பெரிய தாளில் வீட்டு வேலை ஒவ்வொன்றையும் எழுதி, எதிரே இரண்டு கட்டம் போட்டோம். செய்வது யார், ஞாபகம் வைப்பது யார். முதல் கட்டத்தில் இரண்டு பேர் பெயரும் கலந்து வந்தது. இரண்டாவது கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை என் பெயர்தான். என் கணவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை வாங்கி, பள்ளி, டாக்டர் என்ற இரண்டு வரிகளிலும் என் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதினார். பள்ளியில் முதலில் கூப்பிட வேண்டிய எண்ணாக அவருடைய எண்ணைக் கொடுத்தோம். வகுப்பு நடுவில் எனக்கு போன் வருவது அதோடு நின்றது.

சேர்வதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். செமஸ்டர் தொடங்கி, இரண்டு பேரும் களைத்துப்போன பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் அது சண்டையில்தான் போய் முடியும்.

எண்கணிதம்:

மூன்றாம் பெஞ்ச், பதில் அனுப்புவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுவிடுங்கள். கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், உங்களுக்கு இது பழகிய வேலை.

கிரெடிட் என்பது எவ்வளவு நேரம் உழைக்க வேண்டும் என்பதன் அளவு. ஐரோப்பிய பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பின்பற்றும் ஈசிடிஎஸ் என்ற கிரெடிட் முறையில் முழுநேரப் படிப்பின் ஒரு வருடம் 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேரம். ஆக வருடத்துக்கு 1500 முதல் 1800 மணி நேரம். 40 வாரம் படிப்பதாக வைத்தால் வாரத்துக்கு 38 முதல் 45 மணி நேரம் வரும். அது இன்னொரு முழுநேர வேலை. பாதி வேகத்தில் படித்தால் 19 முதல் 23 மணி நேரம். அமெரிக்காவில் கணக்கு வேறு விதம்: ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பு, வகுப்புக்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பு, சுமார் 15 வாரம். மூன்று கிரெடிட் பாடம் ஒன்றே வாரத்துக்கு 9 மணி நேரம் கேட்கும். உங்கள் பல்கலைக்கழகம் எந்த முறையில் இருந்தாலும், ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டால் சொல்வார்கள். வகுப்பு அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு "வாரத்துக்கு ஆறு மணி நேரம்தானே" என்று சேர்பவர்கள் இரண்டாவது மாதமே திணறிப்போகிறார்கள்.

அப்புறம், ஒரு சாதாரண வாரத்தை அரை மணி அரை மணியாகக் குறித்து வையுங்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கும் வாரம் வேண்டாம், யாருக்காவது சளி பிடித்த வாரம் கிடைத்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு அரை மணிக்கும் எதிரே அது இப்போது யாருக்குப் போகிறது என்று எழுதுங்கள். வேலைக்கா, பிள்ளைக்கா, கணவருக்கா, பெற்றோருக்கா, உங்கள் தூக்கத்துக்கா, சும்மா உட்கார்ந்திருப்பதற்கா. காலியான நேரம் என்று எதுவும் வராது. எல்லா நேரத்துக்கும் ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருப்பார். படிப்புக்கான நேரத்தை அவர்களில் யாரிடமிருந்தோ எடுத்தாக வேண்டும். யாரிடமிருந்து, எவ்வளவு என்று முன்கூட்டியே முடிவு செய்து, அவர்களிடம் வாயைத் திறந்து சொல்லிவிட்டு எடுங்கள். சொல்லாமல் எடுத்த நேரத்தை அவர்கள் வேறு வழியில் திருப்பிக் கேட்பார்கள்.

கரும்பலகை:

வேலை பார்த்துக்கொண்டே படிக்க வருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். "மண்டையில் நிற்குமா" என்ற கேள்விக்கு மட்டும் முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பயத்திலேயே பல பேர் சேராமல் போகிறார்கள்.

வார்னர் ஷாயி என்ற உளவியலாளர் 1956-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதே மனிதர்களை ஏழு வருடத்துக்கு ஒரு முறை சோதித்து, பல பத்தாண்டுகள் தொடர்ந்தார்கள். பார்த்ததை வேகமாகப் புரிந்துகொள்ளும் திறன் சீக்கிரமே இறங்கத் தொடங்குகிறது, அது உண்மைதான். ஆனால் சொல்வளம், தர்க்கமாக யோசிப்பது போன்றவற்றில் பெரும்பாலோர் நடுவயதில்தான் உச்சத்தில் இருந்தார்கள். உங்கள் 41 வயதில் இருபது வயதுப் பிள்ளையை விட ஒரு கட்டுரையைப் படிக்கக் கூடுதல் நேரம் ஆகலாம். படித்ததை வைத்து வாதம் கட்டுவதில் நீங்கள் முந்திப்போவீர்கள். உளவியல் பாடத்தில் இது இன்னும் நன்றாகத் தெரியும். குழந்தை வளர்ச்சி பற்றிய வகுப்பில் பிள்ளை வளர்த்தவர் கேட்கும் கேள்வியே தனி.

என் கவலை நினைவாற்றல் பற்றியது கிடையாது. பெரியவர்கள் படிக்கும் முறை பற்றியது. கொடுத்த பட்டியலில் உள்ள அத்தனையையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிப்பார்கள், மஞ்சள் பேனாவால் கோடு போடுவார்கள், தேர்வுக்கு முன் அதையே மறுபடி படிப்பார்கள். ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஒரு பத்தியைச் சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். வேறு சிலர் ஒரு முறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ், எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவது கிடையாதே.

குடும்பம் உள்ளவர்களுக்கு இது நல்ல செய்தி, ஏனென்றால் எழுதிப் பார்க்க நீண்ட நேரம் தேவையில்லை. நாலைந்து பக்கம் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு வெற்றுத்தாளில் ஞாபகம் இருப்பதை எழுதுங்கள். எது விட்டுப்போனது என்று பார்த்து வேறு நிறப் பேனாவால் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அந்தத் தாளைப் பார்க்காமல் பேருந்தில் மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். ஆய்வுக் கட்டுரை என்றால் சுருக்கம், முடிவுரை, படங்கள், அட்டவணைகள் முதலில். அது உங்கள் கேள்விக்குப் பயன்படும் என்று தெரிந்த பிறகு உள்ளே போனால் போதும்.

பகுதிநேரப் பட்டம் பற்றி: லண்டனில் உழைக்கும் மக்களுக்காக 1823-ல் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய பிர்க்பெக் கல்லூரி. மாலை வகுப்புதான் அதன் அடையாளமே. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-ல் அனுமதி பெற்று 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. வேலையும் வீடும் உள்ளவர்களுக்காகவே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாடம் நடத்தினார்கள். பெரியவர்கள் படிப்பதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது, நீங்கள் பின்வாசல் வழியாக நுழையவில்லை. பாடத்திட்டமும் தேர்வும் ஒன்றாக இருந்தால் பட்டமும் ஒன்றுதான்.

ஆனால் ஒன்றை நீங்களே உறுதிசெய்யுங்கள். உளவியலாளராகத் தொழில் செய்வதுதான் நோக்கம் என்றால், பெரும்பாலான நாடுகளில் இளங்கலை மட்டும் போதாது. முதுகலை, மேற்பார்வையில் பயிற்சி, பிறகு பதிவு என்று பாதை நீளும். நீங்கள் சேரும் பட்டத்தை உளவியலாளர்களின் தொழில் அமைப்பு அங்கீகரித்திருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். ஆறு வருடம் கழித்துத் தெரிந்தால் தாங்க முடியாது.

பழைய முதல் வருடப் படிப்பையும் விட்டுவிடாதீர்கள். மதிப்பெண் பட்டியலும் அன்றைய பாடத்திட்டமும் இருந்தால், சில பாடங்களுக்கு விலக்கு கிடைக்க வாய்ப்புண்டு. பழைய கிரெடிட்டுக்குப் பல இடங்களில் காலக்கெடு இருக்கும். இருந்தாலும் கேட்டுவிடுங்கள்.

பக்கத்து நாற்காலி:

வணக்கம் சகோதரி. படித்தது என் மனைவி. நான் வீட்டில் இருந்தவன். அந்தப் பக்கத்திலிருந்து யாரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

கூடுதல் வேலை எனக்குப் பெரிய சுமையாகத் தெரியவில்லை. பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் பழகிவிடும். கஷ்டமாக இருந்தது, எப்போது முடியும் என்று தெரியாமல் இருந்ததுதான். "இன்னும் அரை மணி" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வரும். அரை மணியில் வருவார் என்று சாப்பிடாமல் காத்திருப்போம். இரண்டு மணி நேரம் கழித்துக் கதவு திறக்கும். அவர் மேல் தப்பில்லை, கட்டுரை அப்படி இழுக்கும். ஆனால் காத்திருக்கிறவனுக்கு அது வேறு மாதிரி இருக்கும்.

பிறகு ஒன்று செய்தோம். செமஸ்டர் தொடங்கியதுமே அசைன்மெண்ட் தேதிகள், தேர்வுத் தேதிகள் எல்லாவற்றையும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். தேதிக்கு முந்தைய வாரம் முழுக்கச் சிவப்பு. சிவப்பு வாரத்தில் அவரிடம் எதையும் எதிர்பார்க்க மாட்டோம், விருந்தாளிகளையும் அழைக்க மாட்டோம். மற்ற வாரங்களில் அவர் சொன்ன நேரத்துக்கு வெளியே வந்துவிட வேண்டும், பத்தி பாதியில் இருந்தாலும் சரி. என் இரண்டாவது மகன் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அந்தத் தாளில்தான். "அம்மாவுக்குச் சிவப்பு வாரம்" என்று அவனே மற்றவர்களுக்குச் சொல்வான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் ஒவ்வொரு தடவையும் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் வீட்டில் என் பிள்ளைகளைப் பார்ப்பதற்கு எனக்கு எதற்கு நன்றி? நன்றி சொல்வதற்குப் பதில் அன்று என்ன படித்தார் என்று சொல்லச் சொன்னேன். தூங்கும் முன் பத்து நிமிடம் சொல்வார். பாதி எனக்குப் புரியாது. இருந்தாலும் அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரிந்திருப்பதே பெரிய விஷயம். உங்கள் கணவரையும் வெளியே நிறுத்தாதீர்கள்.

பாதிவழி:

நிறுத்தியவர்களும் எழுதலாம் என்றீர்கள். இரண்டாவது வருடம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தபோது படிப்பை நிறுத்தி வைத்தேன். ஒரு வருடம் கழித்துத் திரும்பி, இப்போது கடைசி வருடத்தில் இருக்கிறேன். என்னால் திரும்ப முடிந்ததற்கு ஒரே காரணம், எழுத்துபூர்வமாக விண்ணப்பித்து நிறுத்தியதுதான். அதே சமயத்தில் என் வகுப்பிலிருந்த இன்னொருவர் வருவதை மட்டும் நிறுத்திவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை. எல்லாப் பாடத்திலும் தோல்வி என்று பதிவாகி, கட்டணமும் கட்டச் சொல்லி அவருக்குக் கடிதம் வந்தது. இரண்டு பேருக்கும் வீட்டில் இருந்த கஷ்டம் ஒன்றுதான்.

அதனால் சேரும் நாளிலேயே சில தேதிகளையும் விதிகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடத்திலிருந்து கட்டணம் திரும்பக் கிடைக்கும்படி விலகக் கடைசி நாள் எது? மதிப்பெண் பட்டியலில் தோல்வி என்று வராமல் விலகக் கடைசி நாள் எது? இரண்டும் ஒரே நாளாக இருக்க வேண்டியதில்லை. படிப்பை எவ்வளவு காலம் நிறுத்தி வைக்கலாம்? பட்டத்தை முடிக்க அதிகபட்சம் எத்தனை வருடம் தருகிறார்கள்? பகுதிநேரமாக ஆறு வருடம் படிப்பவருக்கு இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம், நடுவில் ஒரு வருடம் நின்றால் அது கணக்கில் சேருமா என்று பார்க்க வேண்டும். குடும்பத்தில் நோய், மரணம் என்றால் அசைன்மெண்டுக்கு அவகாசம் கேட்க எந்தப் படிவம், என்ன சான்று என்பதையும் பார்த்து வையுங்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இணையதளத்தில் அதைத் தேடுவது கொடுமை.

நிறுத்தி வைப்பதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

தனிவழி:

எல்லோரும் நல்ல விஷயங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் "செய்வது யார், ஞாபகம் வைப்பது யார்" என்ற இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர் மட்டுமே வரும் வீடுகளும் இருக்கின்றன. என் வீடு அப்படி. மகள் ஒருத்தி, நான் ஒருத்தி.

எண்கணிதம் சொன்னதில் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். தனியாக இருப்பவர் அந்தக் கணக்கைப் போட்டால், எடுப்பதற்கு எளிதான நேரமாகத் தூக்கம்தான் கண்ணில் படும். தூக்கம் வாய் திறந்து எதிர்த்துப் பேசாது. தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். படித்தது நினைவில் பதிவதே தூக்கத்தில்தான் பெருமளவு நடக்கிறது. இரவு இரண்டு மணி வரை படித்து, காலையில் அதையே மறந்துபோய் எழுந்திருப்பதில் என்ன பயன்? கிரெடிட்டைக் குறையுங்கள், வருடம் கூடினால் கூடட்டும்.

எனக்கு உதவியது வகுப்பில் என்னைப் போலவே பிள்ளையோடு இருந்த இன்னொரு பெண். சனிக்கிழமை காலை அவள் பிள்ளையும் என் மகளும் என் வீட்டில், மதியம் இரண்டு பேரும் அவள் வீட்டில். ஒருத்தி பார்த்துக்கொள்ளும்போது மற்றவள் நூலகத்தில். பாடப்பிரிவுப் பொறுப்பாளரிடம் முதல் வாரமே போய், நான் தனியாக வளர்க்கிறேன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வர முடியாது, பதிவுசெய்த வகுப்பு கிடைக்குமா என்று கேட்டேன். கேட்டதும் கொடுத்தார்கள். கேட்காத பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே கடைசிவரை தெரியவில்லை.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் நோலா ஓக்ஸ் என்ற பெண்மணி 2007-ல் 95 வயதில் பட்டம் வாங்கினார். என்னிடம் இதைச் சொல்லாத ஆளே இல்லை. அவரை மனதார வணங்குகிறேன். ஆனால் 95 வயதில் படிப்பதும், நான்கு வயதுப் பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது படிப்பதும் வேறு வேறு பிரச்சினைகள். நமக்கு வயது தடை கிடையாது, நேரம்தான் தடை. வயதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பிள்ளை பராமரிப்பு, மாலை வகுப்பு, அவகாசம் என்று உண்மையில் கேட்டு வாங்க வேண்டியவை பேச்சிலிருந்தே விழுந்துவிடுகின்றன.

கரும்பலகை:

தனிவழி சொல்வதை அப்படியே ஏற்கிறேன். சமூகவியலாளர் லூயிஸ் கோசர் 1974-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். சில அமைப்புகள் ஒரு மனிதரின் நேரத்தில் ஒரு பங்கோடு நிற்பதில்லை, முழு மனிதரையும் கேட்கும். அவற்றைப் பேராசை பிடித்த அமைப்புகள் என்றார். குடும்பத்தையும் அவர் அந்தப் பட்டியலில் வைத்தார். வயதுவந்த மாணவர்களைப் பற்றிப் பின்னால் எழுதியவர்கள் பல்கலைக்கழகத்தையும் அதோடு சேர்த்தார்கள். என் அனுபவமும் அதுதான். வீடு தன் பங்கை மட்டும் கேட்காது. படிப்பும் அப்படியே. இரண்டும் உங்களிடம் "இன்னும் கொஞ்சம்" என்றுதான் சொல்லும். எங்கே போதும் என்பதை இரண்டும் உங்களுக்குச் சொல்லித் தராது, நீங்கள்தான் கோடு போட வேண்டும். என் மாணவர்களில் நன்றாக முடித்தவர்கள் எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள் அல்லர். எந்தப் பாடத்தில் சராசரி போதும் என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே முடிவு செய்தவர்கள்.

மூன்றாம் பெஞ்ச்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. எண்கணிதம் சொன்னபடி ஒரு வாரத்தைக் குறித்துப் பார்த்தேன். சின்னவனுக்குக் காதுவலி வந்த வாரம், கேட்டபடியே அமைந்தது. தூக்கத்தைத் தொடாமல், அலுவலகத்துக்குப் போய்வரும் நேரத்தையும் சேர்த்து, வாரத்துக்குப் பத்து மணி நேரத்தை ஒட்டித்தான் எடுக்க முடிகிறது. பாதி வேகத்துக்கே அது போதாது.

நள்ளிரவு விளக்கு அக்கா சொன்ன இரண்டு கட்டத் தாளையும் கணவரும் நானும் உட்கார்ந்து நிரப்பினோம். எங்கள் வீட்டிலும் ஞாபகக் கட்டம் முழுக்க என் பெயர்தான். ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்றும் வந்தது. வண்டி, காப்பீடு, வங்கி, அவருடைய அம்மாவின் மருந்து எல்லாம் அவர் தலையில் இருந்திருக்கிறது, எனக்கு அது தெரியவே தெரியாது. அன்றைக்குத்தான் இரண்டு பேரும் இன்னொருவர் சுமப்பதை முழுசாகப் பார்த்தோம்.

இன்னும் மூன்று சந்தேகங்கள். சின்னவனைத் தூங்க வைக்கும் நேரம். இருபது வயதுப் பிள்ளைகளோடு குழு அசைன்மெண்ட். அப்புறம் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், எல்லோரும் அதை வைத்துத்தான் எழுதுகிறார்கள் என்று சொல்கிறார்கள், அது உண்மையா?

நள்ளிரவு விளக்கு:

தூங்க வைக்கும் நேரத்தை இப்போதே மாற்றத் தொடங்குங்கள் தங்கச்சி, வகுப்பு தொடங்கும் வாரத்தில் வேண்டாம். வாரத்தில் இரண்டு இரவு அப்பா என்று ஆரம்பியுங்கள். முதல் சில நாள் அழுவான். நீங்கள் அடுத்த அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் கஷ்டம், அதனால் அந்த நேரத்தில் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். அழுகை நின்று கதை கேட்கத் தொடங்கிவிடுவான். அப்பாவோடு அவனுக்கென்று ஒரு வழக்கம் உருவாகிவிட்டால் அது உங்கள் படிப்பு முடிந்த பிறகும் நிற்கும்.

பிள்ளைகள் பக்கத்தில் இருக்கப் படிக்கலாம் என்பது பாதி உண்மை. உங்கள் ஒன்பது வயது மகள் தன் வீட்டுப்பாடத்தோடு அதே மேசையில் உட்காருவாள், அது இரண்டு பேருக்கும் நல்லது. நான்கு வயதுப் பையனோடு அது நடக்காது. அவன் விழித்திருக்கும் நேரத்தில் படிக்க வேண்டுமென்றால் வீட்டை விட்டு வெளியே போக வேண்டும். வீட்டிலேயே இருந்துகொண்டு "அம்மா படிக்கிறேன்" என்றால் படிப்பும் நடக்காது, பிள்ளைக்கும் அம்மா கிடைக்க மாட்டாள்.

கரும்பலகை:

குழு அசைன்மெண்டில் முதல் சந்திப்பிலேயே உங்கள் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். இரவு பதினொரு மணிக்குக் கூடலாம் என்று அவர்கள் சொல்வார்கள், உங்களால் முடியாது. வேலையைப் பிரித்து எழுத்தில் போட்டு, கடைசித் தேதிக்கு மூன்று நாள் முன்னால் எல்லாம் சேர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். பெரியவர்கள் குழுவில் இருந்தால் எல்லாவற்றையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பு தானாக அவர்கள் தலையில் விழும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். வீட்டில் செய்யும் அதே வேலையை இங்கேயும் ஏன் செய்ய வேண்டும்?

செயற்கை நுண்ணறிவு பற்றி பாடத்துக்குப் பாடம் விதி மாறுகிறது. ஒரு பாடத்தில் இலக்கணம் திருத்த அனுமதி இருக்கும், இன்னொன்றில் அதுவும் கூடாது. பாட விவரக் குறிப்பில் இருக்கும், இல்லையென்றால் ஆசிரியரிடம் மின்னஞ்சலில் கேட்டு அந்தப் பதிலைச் சேமித்து வையுங்கள். அந்தக் கருவிகள் இல்லாத ஆய்வுக் கட்டுரைகளை இருப்பது போலவே மேற்கோள் காட்டிவிடும், அதில் மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மேற்கோள்களை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஸோட்டெரோ என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் வாரமே பழகிவிடுங்கள்.

எண்கணிதம்:

பத்து மணி நேரம் என்று வந்தது நல்ல விஷயம், உண்மையான எண் கையில் இருக்கிறது. அந்தப் பத்து மணி நேரத்துக்கு ஒரு சமயத்தில் ஒரு பாடம்தான் பொருந்தும். பல்கலைக்கழகம் அந்த வேகத்தை அனுமதிக்கிறதா, பாதிவழி சொன்ன அதிகபட்ச வருடத்துக்குள் அது அடங்குமா என்று கேளுங்கள். குறைந்தபட்ச கிரெடிட் எடுத்தால்தான் உதவித்தொகை அல்லது கல்விக் கடன் என்று சில இடங்களில் விதி இருக்கும், அதையும் பாருங்கள். உங்கள் நிறுவனம் கட்டணத்தில் பங்கு தருவதாக இருந்தால் நல்லது, ஆனால் படிப்பு முடிந்து எத்தனை வருடம் அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். நீங்கள் துறை மாறத்தான் படிக்கிறீர்கள். அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாம் பெஞ்ச்:

பகுதிநேரம் என்று பதில் அனுப்பிவிட்டேன். முதல் வருடம் ஒரு சமயத்தில் ஒரு பாடம் மட்டும், பிறகு சின்னவன் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் இரண்டு. அனுமதிப் பிரிவில் விசாரித்தேன், அந்த வேகத்தில் போனாலும் அதிகபட்சக் காலத்துக்குள் முடிந்துவிடும், ஒரு வருடம் நிறுத்தி வைத்தாலும் அடங்கும். பட்டத்துக்குத் தொழில் அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறது, எழுத்தில் வாங்கிவிட்டேன். பழைய மதிப்பெண் பட்டியலை அனுப்பியிருக்கிறேன், புள்ளியியல் பாடத்துக்கு மட்டும் விலக்கு கிடைக்கலாம் என்றார்கள்.

நேரத்தை இப்படிப் பிரித்திருக்கிறோம்: செவ்வாய், வியாழன் இரவுகள் அப்பா தூங்க வைப்பார், ஞாயிறு காலை நான் நூலகம் போவேன், அப்புறம் ரயிலில் போய்வரும் நேரம். ஞாயிறு காலை இதுவரை மகளுடையது, நானும் அவளும் சேர்ந்து எங்காவது போவோம். அதனால் அவளிடம் நேராகக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதற்குப் பதிலாக வேண்டும், போனை எடுக்கக் கூடாது என்றாள். ஒப்புக்கொண்டேன்.

பக்கத்து நாற்காலி:

ரொம்ப சந்தோஷம் சகோதரி. வெள்ளிக்கிழமையையும் அந்தத் தாளில் எழுதி ஒட்டுங்கள், சிவப்பு வாரத்திலும் அதை மட்டும் யாரும் தொடக் கூடாது என்று. உங்கள் கணவருக்கு நேரம் இருந்தால் இங்கே வரச் சொல்லுங்கள். முதல் தேர்வு மாதத்தில் வீட்டில் இருப்பவருக்கு என்னென்ன வேலை வந்து சேரும் என்று நான் அவருக்குத் தனியாக எழுதுகிறேன்.